சந்தாபுராவில் அறை எடுத்துப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு



நர்சிங், பி.காம்., பி.சி.ஏ., இன்ஜினீயரிங், சட்டம் என்று ஆளுக்கொரு படிப்பை நம்பி ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கமிருந்தும், இன்னும் தெற்கே தேனி, திருநெல்வேலியிலிருந்தும் இந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள். நான் சந்தாபுராவில் குடியிருக்கும் தமிழன். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை. என் வீட்டுக்குப் பக்கத்திலும் எதிரிலும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) கட்டடங்கள்தான். அட்வான்ஸ் திரும்பி வராமல் அலைகிறவர்கள், ரூம்மேட் விடும் புகையில் இருமுகிறவர்கள், குழாயில் தண்ணீர் வராமல் காலையில் வாளியோடு நிற்கிறவர்கள் என உங்களில் பலரை எனக்குப் பழக்கம். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லவே இந்த மடல்.

முதலில், நீங்கள் தங்கியிருக்கும் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி விளம்பரத்தில் பெங்களூரு என்று இருக்கும். நிர்வாகக் கணக்கில் சந்தாபுரா, ஆனேக்கல் தாலுகாவில் தனிப் புரசபை, அதாவது நகராட்சி. சற்றுத் தள்ளிப் போனால் கிராம பஞ்சாயத்து. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தபோதும் அந்த ஐந்தில் எதிலும் இந்த ஊர் சேரவில்லை. கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டால், "வளாகத்துக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பில்லை" என்பார்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு பி.ஜி.யின் பெயரும் ஓனரின் போன் நம்பரும் தவிர வேறெதுவும் தெரியாது. ஆக, வீட்டின் கண்காணிப்பும் கல்லூரியின் கண்காணிப்பும் மாநகரத்தின் கண்காணிப்பும் எட்டாத ஓர் இடைவெளியில் நீங்கள் வாழ்கிறீர்கள். அறைப் பிரச்சினை, தண்ணீர்ப் பிரச்சினை, புகைப் பிரச்சினை மூன்றும் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன. இதை நிரப்ப வேறு யாரும் வரப்போவதில்லை. நீங்கள் ஒன்றாகச் சேர்ந்து, எழுத்தில் கேட்டால்தான் நிரம்பும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மீதியெல்லாம் அதற்கான வழி.

அறையிலிருந்து தொடங்குகிறேன். முப்பதடிக்கு நாற்பதடி மனையில் நான்கு மாடி, மாடிக்கு ஐந்தாறு அறை, அறைக்கு மூன்று கட்டில். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பெட்டி வைத்தால் கால் வைக்க இடமில்லை. ஜன்னலைத் திறந்தால் ஓரடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். துணி காய வெயில் கிடையாது. மழைக்காலத்தில் போர்வையில் பூஞ்சை வாடை. கீழே இறங்க ஒரே படிக்கட்டு, அதன் அடியில் காஸ் சிலிண்டர்களும் பைக்குகளும். அறை பார்க்கப் போகும்போது ஏ.சி., வைஃபை, மூன்று வேளைச் சாப்பாடு என்று எழுதிய பலகையைப் படிக்கிறீர்கள். இந்தப் படிக்கட்டை யாரும் பார்ப்பதில்லை.

2024 ஜூலையில் கோரமங்கலாவில் ஒரு பி.ஜி.க்குள் புகுந்து ஒரு இளம்பெண்ணைக் கொன்ற சம்பவம் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரு மாநகராட்சி பி.ஜி.க்களுக்கு விதிமுறைகள் வெளியிட்டது. ஓர் ஆளுக்குக் குறைந்தது 70 சதுர அடி இடம் வேண்டும். நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும். வாசலில் சி.சி.டி.வி. கேமரா, 90 நாள் பதிவு, இருபத்து நான்கு மணி நேரக் காவலாளி, தீயணைப்புப் பாதுகாப்பு, முதலுதவிப் பெட்டி, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் அதில் உண்டு. மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் நம் ஊருக்கு அந்த விதிமுறை அப்படியே செல்லாது. ஆனால் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேர் அறை என்றால் 210 சதுர அடி, அதாவது சுமார் பதினான்குக்குப் பதினைந்து அடி. அறை பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடா கொண்டுபோங்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் வாழ்கிறவருக்குத் தேவைப்படும் காற்றும் தண்ணீரும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வந்தால் குறைந்துவிடாது. இதே விதிகளை இங்கேயும் கொண்டுவரச் சொல்லிப் புரசபைக்கு மனுக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக மனு வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலான பி.ஜி.க்களுக்கு போர்வெல் அல்லது டேங்கர்தான். சந்தாபுரா ஏரி சாக்கடையாலும் தொழிற்சாலைக் கழிவாலும் கெட்டுப்போனதற்காக 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. அப்படிப்பட்ட ஏரிக்கரையில் நீங்கள் இருக்கிறீர்கள். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஃபில்டரை எப்போது மாற்றினார்கள், சம்ப்பை எப்போது கழுவினார்கள் என்று கேட்பதில் கூச்சம் எதற்கு? பதிலைத் தேதியோடு நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் ஓனர் சிரித்துவிட்டுப் போவார். மாடிக்கு மாடி கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் கழுவ ஆள் வரும்.

அடுத்து அட்வான்ஸ். போன வருடம் ஒரு நர்சிங் மாணவி தன் போனை என்னிடம் நீட்டினாள். அறையைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அவள் அனுப்பிய பத்துப் பன்னிரண்டு செய்திகளுக்கு ஓனர் அனுப்பிய பதில் ஒன்றுதான்: "மெயின்டெனன்ஸ் போக பேலன்ஸ் இல்லை." எதற்கு எவ்வளவு கழித்தார் என்று கணக்கு இல்லை. சேரும்போது ரொக்கமாகக் கொடுத்திருந்தாள், ரசீது வாங்கவில்லை. அவள் அப்பா ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவர். அந்தத் தொகை அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். கடைசிவரை அது திரும்பவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்கச் சில காரியங்கள் செய்யுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள், யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். எதற்கான பணம் என்று அதிலேயே ஒரு வரி எழுதுங்கள். சேர்ந்த அன்றே சுவர், ஃபேன், கீசர், பாத்ரூம் கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யப்போகும் தேதியை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் தெரிவியுங்கள். பெயின்டிங், மெயின்டெனன்ஸ் என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். வாடகையோடு ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேட்டால் நின்று பேசுங்கள். மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத வாடகைக்கு, தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவர்களிடம் ஜி.எஸ்.டி. கிடையாது என்பது 2024 ஜூலை 15 முதல் நடைமுறை.

பணம் சிக்கிக்கொண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இணையவழியிலேயே பதியலாம். நான்கைந்து பேராகச் சேர்ந்து தனி வீடு எடுத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று: வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் கர்நாடக அரசின் க்ருஹ ஜோதி இலவச மின்சாரத்துக்கு வாடகைக்கு இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஓனர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனிப் புகைக்கு வருகிறேன். உங்களிடம் பேசக் கஷ்டமாக இருப்பது இதுதான். ஆனால் பேசியே ஆக வேண்டும்.

கல்லூரிச் சாலையில் இருக்கும் எந்தப் பெட்டிக்கடைக்கும் பதினொரு மணி இடைவேளையில் போய்ப் பாருங்கள். கூரைக் கம்பியிலிருந்து சணல் கயிற்றில் லைட்டர் தொங்கும். எத்தனையோ கைபட்டு அதன் நிறமே போயிருக்கும். அட்டையில் அடைத்த டீ கிளாஸ்களுக்குப் பக்கத்தில் பிரித்த சிகரெட் பாக்கெட், அதை ஒட்டி வாடை போக்க மின்ட், சோம்பு மிட்டாய் பாட்டில்கள். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக உதிரி சிகரெட் வாங்குகிறார்கள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை.

அந்த ஒரு சிகரெட் கைமாறும்போது சட்டம் மூன்று இடத்தில் மீறப்படுகிறது. கர்நாடக அரசு புகையிலைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 21 வயது நிரம்பாதவருக்கு சிகரெட் விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 மீட்டருக்குள் விற்கக் கூடாது. உதிரியாக விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைத்தால் இருந்த 200 ரூபாய் அபராதம் 1,000 ஆகிவிட்டது. ஒசூரில் 18 வயது நிரம்பியவருக்கு விற்கலாம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் 21. உங்களில் இளநிலை படிக்கும் பெரும்பாலோருக்கு இந்த மாநிலத்தில் எந்தக் கடைக்காரரும் சிகரெட் விற்க முடியாது. வேப் கருவியோ நாடு முழுக்கவே 2019 முதல் தடை. விற்பதும் விற்பனைக்குச் சேமித்து வைப்பதும் குற்றம்.

கல்லூரிகள் தங்கள் பங்குக்கு வாசலில் பலகை வைத்திருக்கின்றன, பையைச் சோதிக்கின்றன, பிடிபட்டால் அபராதம் போடுகின்றன. அது சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டதால் ஒன்று நடந்திருக்கிறது. வளாகத்தில் புகைக்க முடியாதவர் கடைக்குப் போகிறார். கடை முன் ஆசிரியர் வந்துவிடுவார் என்றால் அறைக்கு வருகிறார். அறையில் பாத்ரூம், பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன். கல்லூரி வாசலில் தடுத்த புகை, காற்றோட்டமில்லாத அந்த அறையில், புகைக்காத இரண்டு பேரின் மூக்குக்குள் போய் முடிகிறது. வளாகத்தில் இருக்கும் பாதுகாப்பு அவர்களுக்குத் தூங்கும் இடத்தில் இல்லை. பிறர் விடும் புகையில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது. ஃபேனைப் போட்டாலும் கதவைத் திறந்தாலும் அது மெத்தையிலும் திரையிலும் தங்கிவிடும். எதிர் பி.ஜி.யில் ஆஸ்துமா உள்ள ஒரு பையன் பரீட்சை நேரத்தில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் இன்ஹேலரைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பான். கேட்டதற்கு, "அண்ணே, அவங்க என் ஃப்ரெண்ட்ஸ், எப்படிச் சொல்றது?" என்றான்.

இந்தக் கேள்விக்குத்தான் நாம் பதில் தேட வேண்டும். அறைக்குள் போலீஸ் வராது, வரவும் வேண்டாம். அங்கே உங்களுக்குள் நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் சட்டம்.

நம் நாட்டில் பொது இடத்தில் புகைப்பதற்குத் தடை எப்படி வந்தது என்று பாருங்கள். 1999இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த மாநிலத்துக்கு அந்தத் தடையை விதித்தது. வழக்குக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கோட்டயத்துக் கல்லூரிப் பேராசிரியை மோனம்மா கொக்காட். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் விடும் புகையைச் சகித்துக்கொண்டு போக மறுத்தவர் அவர். 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அந்த வழியில் உத்தரவிட்டது. 2003இல் சட்டம் வந்தது, 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாயின. இன்று பேருந்திலும் ரயிலிலும் நீங்கள் புகையில்லாமல் உட்கார்ந்து வர முடிகிறதென்றால், தொந்தரவாக இருக்கிறது என்று சிலர் வாய்திறந்து சொன்னதால்தான். ரூம்மேட்டிடம் சொல்வது அதைவிடச் சின்ன வேலை.

புகைக்கிற தம்பி தங்கைகளே, உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பழக்கம் எப்படித் தொற்றுகிறது என்று எனக்குத் தெரியும். புது ஊர், புது மொழி. சாம்பார் இனிக்கிறது, காலையில் உப்பிட்டு (உப்புமா) தொண்டையில் இறங்கவில்லை. வகுப்பில் யாரும் பேசவில்லை. டீக்கடையில் நிற்கும் சீனியர்தான் முதலில் "எந்த ஊர்?" என்று கேட்கிறார். அவர் நீட்டுவதை வேண்டாமென்றால் அந்த நட்பும் போய்விடுமோ என்று பயம். 2016–17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் புகையிலையைத் தொடும் சராசரி வயது 18.9 என்று வந்தது. கல்லூரியில் கால் வைக்கும் வயது அது. உங்களுக்கு ஒரு நட்பு தேவைப்பட்டது. அதை விற்றுக் காசாக்கும் ஒரு வியாபாரம் அங்கே காத்திருந்தது. தவறு உங்கள் குணத்தில் இல்லை. ஆனால் விலை கொடுக்கப்போவது உங்கள் உடம்பு.

விட வேண்டும் என்று நினைப்பவர்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356, புகையை விட உதவும் இலவச எண். தென்னிந்தியாவுக்கான அதன் மையம் பெங்களூரு நிம்ஹான்ஸில் இருக்கிறது, தமிழில் பேசலாம். நீங்கள் தினமும் பார்க்கும் இதே ஒசூர் ரோடு நேராக அந்த மருத்துவமனை வாசலுக்குப் போகிறது. பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரண்டு எண்ணையும் போனில் சேமியுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்துக் கட்டிலுக்குத் தேவைப்படலாம். ஒரு வேண்டுகோள்: நீங்கள் விடும்வரை, அறையை விட்டுவிடுங்கள். அறைக்குள்ளும் பாத்ரூமிலும் படிக்கட்டிலும் வேண்டாம். ஒரே படிக்கட்டு, அடியில் சிலிண்டர் என்று மேலே சொன்னேனே, அங்கே அணையாத ஒரு துண்டு போதும்.

சீனியர் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக வருகிற பிள்ளையை நீங்கள்தான் முதலில் பேச்சுக்கு இழுக்கிறீர்கள். அந்தப் பெருமை உங்களுடையது. அதே பேச்சை ஒரு டீயோடு நிறுத்தினால், அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க நீங்கள் நல்ல அண்ணன், நல்ல அக்கா.

ஊரோடு ஒட்டி வாழ்வதைப் பற்றியும் கொஞ்சம். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. நகரத்துக்குள் போக உங்களுக்கு அது பெரிய வசதி. கர்நாடக அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு, ஆனால் இந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை கேட்பார்கள். கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனேக்கல் தாலுகாவில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்குவதால் தமிழிலேயே காலத்தை ஓட்டிவிடலாம், ஓட்டாதீர்கள். 2023 செப்டம்பரில் காவிரிக்காக பந்த் நடந்தபோது தமிழகப் பேருந்துகள் ஒசூரோடு நின்றன. அந்த நாட்களில் என் தெருவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாலும் பிரெட்டும் வாங்கிவந்து கொடுத்தவர்கள் கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஓனரிடம் நியாயம் கேட்கும்போதும், புரசபை அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போதும் "சார், நமகெ நீரு பந்தில்லா" (எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை) என்று அவர்கள் மொழியில் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் காது கொடுப்பார்.

கடைசியாக, செய்ய வேண்டியவை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வோர் அறையிலும் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அறைக்குள் புகை கிடையாது. விளக்கு எத்தனை மணிக்கு அணையும், யாராவது விருந்தாளி வந்தால் எத்தனை நாள், துடைப்பது யார், யாருக்கு என்ன நோய், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். கட்டடத்துக்கு ஒருவர் என்று பிரதிநிதியைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர், படிக்கட்டு, அட்வான்ஸ் மூன்றைப் பற்றியும் ஓனருக்கு எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுங்கள். உங்கள் கல்லூரி முதல்வரிடம் போய், மாணவர் தங்கும் பி.ஜி.க்களை நேரில் பார்த்துப் பட்டியல் வெளியிடச் சொல்லுங்கள். வாசலிலிருந்து 100 மீட்டரை அளந்து, அதற்குள் இருக்கும் கடைகளைப் பற்றிப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் வாங்கும் கல்லூரிக்கு இந்த இரண்டு வேலையும் பெரிய பாரமில்லை.

தனியாகக் கேட்டவருக்கு இந்த ஊரில் பதில் கிடைத்து நான் பார்த்ததில்லை. இருபது பேர் கையெழுத்தோடு போனவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அம்மா அப்பா உங்களை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் ஒருவரை ஒருவர் நம்பிச் சேர்ந்து நில்லுங்கள். அந்த ஒரு பக்கத்தை இந்த வாரமே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன்,
சந்தாபுரா